பட்டாணிக்குருவிக்குத் தாகம் என்று நினைத்தேன்

தம்பி,

போனில் சொல்லிவிட்டுப் போக வேண்டியதை அப்பா எதற்கு உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ பேசுவதில் பாதிதான் எனக்கு வந்து சேர்கிறது. மீதியை நானே இட்டு நிரப்பிக்கொண்டு "சரிப்பா, சரிப்பா" என்கிறேன். போன வாரம் நீ கல்யாண வண்டியைப் பற்றிக் கேட்டபோதும் அப்படித்தான் ஒரு சரி போட்டேன். எதற்குச் சரி சொன்னேன் என்பதே பிறகு உன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. தாலி கட்டி முடிந்ததும் பழனி மண்டபத்திலிருந்து உன்னையும் நிவேதாவையும் நம் வேனில் ஏற்றி, நாயுடுபுரம் வீட்டுக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு வரவேண்டும், வேறு யார் ஓட்டினாலும் ஏற மாட்டேன் என்றாயாம். கேட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சரியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நான் ஓட்டப்போவதில்லை. எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. காது கேட்காதவன் மலைப்பாதையில் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது.

இதில் மறைக்க ஒன்றும் இல்லை. நிவேதாவுக்குப் படித்துக் காட்டு. வேன் ஸ்டாண்டில் யார் கேட்டாலும் காட்டு. எங்கள் ஸ்டாண்டு வழக்கம் உனக்குத் தெரியாததா. எங்களில் ஒருத்தர் வீட்டுப் பிள்ளைக்கு மலைக்குக் கீழே கல்யாணம் என்றால், பெற்றவன்தான் தன் வண்டியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மேலே ஏற்றி வரவேண்டும். மற்ற வண்டிகள் பின்னால் வரிசை கட்டி வரும். முன்வண்டி எந்த வளைவில் ஹாரன் அடிக்கிறதோ அதே வளைவில் பின்னால் வருகிற ஒவ்வொன்றும் அடிக்கும். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே இன்னார் வீட்டுக் கல்யாணம் வருகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். எத்தனையோ பேர் பிள்ளைகளுக்கு நான் பின்னால் ஓட்டி வந்திருக்கிறேன். முன்னால் ஓட்டுகிற ஒரு நாள் வரும் என்று நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே மனசுக்குள் வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அதை எழுதவே அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதை உனக்குச் சொல்லாமல் விட்டால், அப்பா ஏதோ கோபத்தில் முரண்டு பிடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வாய்.

எல்லாம் குருவியில்தான் ஆரம்பித்தது. கார்த்திகையில் நிச்சயம் முடிந்த பிறகு நிவேதா வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வந்தார்களே, நீ லீவு கிடைக்காமல் கோயம்புத்தூரிலேயே இருந்துவிட்டாய். அந்தப் பெண் நேரே கொல்லைப் பக்கம் போய் நின்றாள். ஒரே மூடுபனி. பேரிக்காய் மரம்கூடச் சரியாகத் தெரியவில்லை. "எங்க வீடு பஸ் ஸ்டாண்ட ஒட்டி இருக்கு மாமா. தெனமும் பஸ்காரன் ஹாரன்லதான் முழிப்பேன். இங்க வந்தா குருவி சத்தத்துல முழிக்கலாம்ல?" என்றாள். "அதுக்கென்னம்மா, தாராளமா முழிக்கலாம்" என்று நானும் வாயை விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் போய் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. எங்கேயோ சோலைப் பக்கம், கூட்டமாகச் சேர்ந்து சிரிக்கிற மாதிரிக் கத்துமே சிலம்பன், அது கேட்டது. காக்காய் கேட்டது. சின்னக் குருவிகள் குரல் ஒன்றுகூட இல்லை. கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

என் குணம் உனக்குத் தெரியும், ஏதாவது குறைந்தால் யார்மேலாவது பழி போட்டுத்தான் எனக்குப் பழக்கம். பக்கத்தில் கட்டியிருக்கிற லாட்ஜ்காரனைத் திட்டினேன். அவன் ஜெனரேட்டரைத் திட்டினேன். சீசனுக்கு வந்து குப்பை போட்டுவிட்டுப் போகிறவர்களைத் திட்டினேன். அவர்களை ஏற்றிக்கொண்டு வருகிறவனே நான்தான் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. உன் அம்மாவிடம், "இந்த வீட்டுப் பக்கம் குருவியே வர்றதில்ல, கவனிச்சியா?" என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "வண்டி நிறுத்தணும்னு கொல்லையப் பூராம் சிமெண்டப் போட்டு மூடியாச்சு. இருக்குற நாலு ரோஜாச் செடிக்கும் மாசாமாசம் மருந்தடிச்சாச்சு. அப்புறம் எது வரும்? ஒங்க வேன் வேணா வரும்" என்றாள். சொன்னது நியாயம்தான். அதனால் எனக்குக் கோபம் வந்தது.

ஆனால் சொல்லிவிட்டேனே. வருகிற பெண்ணிடம் முதன்முதலாகச் சொன்ன வார்த்தை. பங்குனிக் கல்யாணத்துக்குள் எப்படியாவது நாலு குருவியை இந்தக் கொல்லைக்கு வரவழைத்துவிட வேண்டும் என்று இறங்கினேன். பஜாருக்குப் போய் ஜாபர் மாமா கடையில் தினை கேட்டேன். அவரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர், அவர் வாயும் உனக்குத் தெரியும். "தினை யாருக்கு மாப்ள? ஒனக்கும் சுகர் வந்துருச்சா?" என்றார். குருவிக்கு என்றேன். "அடப்பாவமே, குருவிக்கும் வந்துருச்சா?" என்று பொட்டலம் கட்டினார். தினையைத் தட்டில் போட்டு மரத்தடியில் வைத்தேன். வாழைப்பழத்தை ஆணியில் குத்தி வைத்தேன். ஒரு வாரம் ஆகியும் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. சிட்டுக்குருவிகூட வரவில்லை. கடைசியில் ஜாபர் மாமாவே ஒரு நாள் தொழுகை முடிந்து வருகிற வழியில் வந்து பார்த்தார். மரத்தை அண்ணாந்து பார்த்தவர் அப்படியே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பேரிக்காயைக் கொண்டைக்குருவி கொத்துகிறது என்று ஒரு காலத்தில் வேனிலிருந்த பழைய பாட்டு சிடிகளையெல்லாம் நூலில் கோத்து அந்த மரம் முழுக்கக் கட்டிவிட்டிருந்தேனே, நினைவிருக்கிறதா? காற்றடித்தால் பளீர் பளீர் என்று மின்னும். குருவி பயந்து ஓடும். கட்டியதை நான் மறந்தே போனேன். அதற்குக் கீழேதான் தினையும் பழமும் வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தேன். "ஏன் மாப்ள, பந்திக்கு எலையும் போட்டுட்டு வாசல்ல நாயையும் அவுத்து விட்டா எவன்டா உள்ள வருவான்?" என்றார். அன்று ஏணி போட்டு எல்லாவற்றையும் அறுத்து எடுத்தேன். முழங்கால் இரண்டு நாள் விண்ணென்று வலித்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றினேன். சொந்தமாக ஒரு யோசனையும் இல்லை, தப்பாகச் செய்து செய்துதான் தெரிந்துகொண்டேன். பழத்துக்குக் குருவிக்கு முன்னால் குரங்கு வந்தது. வந்தது சும்மா போகாமல் உன் அம்மா மல்லித் தொட்டியை உருட்டிவிட்டுப் போனது. அதனால் பழம் வைப்பதை நிறுத்தினேன். தண்ணீருக்கு ஆழமான அலுமினியச் சட்டி வைத்தேன். தை மாதத்து உறைபனியில் காலையில் பார்த்தால் அது கண்ணாடித் தட்டாக இறுகிக் கிடந்தது. பிறகு மண்தட்டு வாங்கி, விரல் நனைகிற அளவு தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, வெயில் விழுகிற பக்கம் மாற்றினேன். ரோஜாவுக்கு மருந்தடிப்பதை விட்டேன். பூச்சி வந்தது, இலையெல்லாம் ஓட்டை. உன் அம்மா வில்பட்டிக் காட்டில் வளர்ந்தவள், அதைப் பார்த்து அசரவில்லை. "கெடக்கட்டும் விடுங்க. பட்டாணிக்குருவி தினையத் தேடியா வரப்போகுது? அதுக்குப் புழுதான் வேணும்" என்றாள். சுவரோரம் சிமெண்டைக் கொஞ்சம் உடைத்து, ஜிமிக்கி மாதிரித் தொங்குமே அந்தப் பூச்செடியை வைத்தேன், தேன்சிட்டுக்கு. பழப்பெட்டிப் பலகையில் குருவி கூடு கட்ட ஒரு கூண்டு அடித்து, பக்கத்தில் துளை போட்டு மரத்தில் மாட்டினேன். வேன் பாதி வாசலில்தான் நிற்கிறது இப்போது. நிற்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு எனக்கு ஒன்று புரிந்தது தம்பி. குருவியைக் கூப்பிட்டு வரவழைக்க முடியாது. வரவிடாமல் நாம் செய்து வைத்திருப்பதை எடுத்து அப்பால் போடலாம், அவ்வளவுதான் நம்மால் முடிந்தது. நீ குடித்தனம் செய்யப் போகிறாய். அந்தப் பெண் புது வீட்டுக்கு வந்து வாய் திறந்து பேசவில்லை, சிரிக்கவில்லை என்று தோன்றினால், அவளிடம் போய் ஏன் ஏன் என்று கேட்டு நச்சரிக்காதே. மரத்தில் நீ என்னத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாய் என்று முதலில் பார். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று உன் அம்மாவைக் கேட்டால் சிரிப்பாள். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

மாசி பிறந்ததும் பனி விட்டது. பிளம்ஸ் மரத்தில் இலைக்கு முன்னால் பூ வந்து வெள்ளையாக நின்றது. ஒரு நாள் காலையில் பார்த்தால் கொண்டைக்குருவி ஜோடி ஒன்று மண்தட்டில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தது. தேன்சிட்டு அந்த ஜிமிக்கிப் பூவில் தலைகீழாகத் தொங்கியது. எனக்கு இருந்த அலுப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. நாற்காலியைக் கொல்லையில் போட்டு, காலைச் சவாரிக்குக் கிளம்புகிற வரைக்கும் அங்கேயே இருந்தேன். ஆனால் ஒரு மனக்குறை. வருகிறதே தவிர, ஒன்றும் சத்தம் போடக் காணோம். கொண்டைக்குருவி குரல் மட்டும் எங்கோ நாலு வீடு தள்ளி யாரோ ரேடியோ வைத்த மாதிரி லேசாகக் கேட்கும். தேன்சிட்டு ஊமைதான். இன்னும் பழகவில்லை போலிருக்கிறது, பயம் தெளியட்டும், பிறகு பாடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் பட்டாணிக்குருவி வந்தது. கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், சட்டை நடுவில் பட்டை வைத்துத் தைத்த மாதிரி நெஞ்சில் ஒரு கறுப்புக் கோடு. நான் மாட்டிய கூண்டை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு நேரே கிளையில் உட்கார்ந்தது. கையை நீட்டினால் தொடலாம். உட்கார்ந்து வாயைத் திறந்தது, மூடியது. திரும்பத் திறந்தது, மூடியது. தொண்டை புடைத்துப் புடைத்து அடங்கியது. உடம்பு முழுக்க ஆடியது. பாவம், தண்ணீர் தாகம் போல என்று நினைத்து, எழுந்து போய் மண்தட்டைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். அது தண்ணீரைப் பார்க்கவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நோய் வந்த குருவியோ என்று பயமாகிவிட்டது. உள்ளே போய் உன் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"இதப் பாரு. வாயப் பொளந்து பொளந்து மூடுது. மேலுக்கு முடியல போல."

அவள் குருவியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது, முதலில் லேசாகச் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அது பாடுதுங்க" என்றாள்.

"இம்புட்டுச் சத்தமாப் பாடுது. அடுப்படி வரைக்கும் கேட்டுச்சே. நெசமாவே ஒங்களுக்குக் கேக்கலையா?"

நான் குருவி வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். காதைக் கிளைப் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். பக்கத்து லாட்ஜில் யாரோ வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது. அம்மா பேசுவது கேட்டது. குருவி வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. தம்பி, ஒரு சின்னக் குருவி எனக்கு நேரே உட்கார்ந்து தொண்டை கிழியப் பாடுகிறது, நான் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறேன். கொல்லையில் சத்தம் இல்லை என்று இத்தனை நாளாக ஊரையெல்லாம் திட்டினேனே, அந்தச் சத்தமின்மை எவ்வளவு கொல்லையில் இருந்தது, எவ்வளவு என் காதுக்குள் இருந்தது என்று எனக்கு இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உன் அம்மாவிடம், "நீ முன்னாடியே கவனிக்கலையா?" என்று கேட்டேன். "நான் பேசுறத நீங்க எப்பக் கேட்டீங்க? கல்யாணம் ஆன நாள்ல இருந்தே இப்படித்தானே இருக்கீங்கன்னு விட்டுட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேலியாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா தெரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள். டிவியை ஏன் இப்படி அலற விடுகிறீர்கள் என்று நீ பொங்கலுக்கு வந்தபோது சத்தம் போட்டாயே, அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

மறுவாரம் இருவருமாகத் திண்டுக்கல் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். பஸ்ஸில்தான் போனோம். டாக்டரம்மா பெட்டி போன்ற ஒரு அறைக்குள் உட்கார வைத்துக் காதில் எதையோ மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றார். நான் எதிர்பார்த்து எதிர்பார்த்துக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மெல்லிசான, கூர்மையான சத்தமெல்லாம் போய்விட்டதாம். இடது காது ரொம்ப மோசமாம். வயசு ஒரு பாதி, இத்தனை வருடம் இன்ஜின் இரைச்சலிலும் ஏர் ஹாரனிலும் கிடந்தது மறுபாதி என்றார். நம் வேனுக்கு நானே தேடிப் பிடித்து மாட்டிய ஹாரன்தான். காதுக்கு மிஷின் கொடுத்திருக்கிறார்கள், மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். தகரத்தில் மழை பெய்தால் தலைக்குள் கல்லைக் கொட்டுகிற மாதிரி இருக்கிறது. பேச்சு முன்னைக்குத் தேவலை. ஆனால் எது எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்பது பிடிபடவில்லை. பழகப் பழகக் கொஞ்சம் சரியாகும், முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். வளைவில் சத்தம் கேட்டால் மட்டும் போதாது. மேலே இருந்தா, கீழே இருந்தா என்று தெரியவேண்டும். அது உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தபோது பழையது ஒன்று நினைவுக்கு வந்து தூக்கிப் போட்டது. ஐப்பசியில், மழைச் சவாரி, ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இறங்குகிறேன். வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டி ஒரு வளைவில் பைக்கில் ஒருவன் நேரே வந்துவிட்டான். பின்னால் இருந்த அம்மா கத்திய பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். ஒரு முழத்தில் நின்றது. இறங்கிப் போய் அவனைக் கிழி கிழி என்று கிழித்தேன், வளைவில் ஹாரன் அடிக்கத் தெரியாதவனெல்லாம் எதற்கு மலை ஏறுகிறாய் என்று. அவன் நடுங்கிக்கொண்டே, "அடிச்சுக்கிட்டேதாண்ணே வர்றேன்" என்றான். பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தது. அந்தப் பார்வைக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிகிறது. அவர்களுக்கு ஹாரன் கேட்டிருக்கிறது.

அதற்குப் பிறகும் ஆசை விடவில்லை. சவாரியெல்லாம் நிறுத்திவிடுகிறேன், உன் கல்யாணத்தன்று ஒரு நாள் மட்டும் ஓட்டிவிட்டு விட்டுவிடுகிறேன் என்று கணக்குப் போட்டேன். தெரிந்த பாதை, சொந்த வண்டி, ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விடவேண்டும், பின்னால் நம் ஆட்கள், என்ன வந்துவிடப் போகிறது? உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "வாங்க, பெருமாள்மலை வரைக்கும் போய்ட்டு வருவோம். எனக்கு எதுர வண்டி ஹாரன் கேக்குறப்பல்லாம் நான் டேஷ்போர்டுல ஒரு தட்டு தட்டுறேன். ஒங்களுக்குக் கேட்டாத் தலைய ஆட்டுங்க" என்றாள்.

வெள்ளனே, கூட்டம் இல்லாத நேரத்தில் கிளம்பினோம். மிஷினையும் மாட்டிக்கொண்டேன். முதல் பஸ்ஸின் ஹாரனுக்கு அவள் தட்டுவதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டேன். பார்த்தாயா என்கிற மாதிரி அவளைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் தட்டினாள். நான் தலையை ஆட்டவில்லை. எதிரே பைக் வந்தது. மறுபடி தட்டினாள். ஒரு கார் வந்தது. போகப் போக அவள் தட்டிக்கொண்டே வந்தாள், நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே போனேன். ஒரு தடவை ஹாரன் கேட்டுத் தலையை ஆட்டி, மேலேயிருந்து வருகிறது என்று ஒதுங்கினேன். வண்டி கீழேயிருந்து வந்தது. திரும்பி வந்து வாசலில் நிறுத்தியதும் அவள் கதவைத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "நான் ரோட்டப் பாக்கவே இல்லைங்க. ஒங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். நான் தட்டத் தட்ட, அதுல ஒரு மாத்தமும் இல்ல" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

ஸ்டாண்டிலும் சொல்லியாயிற்று. "அண்ணே, ஒங்களுக்கு முன்னாடி ரெண்டு பைக்க விடுவோம், அவனுக வளைவுல நின்னு வழி பண்ணட்டும், நீங்க ஓட்டுங்க, யாரு கேக்கப்போறா" என்றார்கள். பாசத்தில் சொல்கிறார்கள். இருந்தாலும் வேண்டாம் என்றுவிட்டேன். அந்த வண்டிக்குள் என் பிள்ளை இருப்பான், இன்னொருத்தர் பெற்று வளர்த்து அனுப்புகிற பெண் இருப்பாள். எனக்கு ஒரு ஆசை என்பதற்காக அவர்களை வைத்துப் பரீட்சை பார்க்க முடியாது.

நிவேதா கேட்டதைப் பற்றி அவளிடம் சொல்லிவிடு. குருவிச் சத்தம் இருக்கிறது. பட்டாணிக்குருவி ஜோடி பாசியைக் கவ்விக்கொண்டு கூண்டுக்குள் போய் வருகிறது. விடியும்போதே ஆரம்பித்துவிடுகிறதாம், தூங்க விடமாட்டேன் என்கிறது என்று உன் அம்மா அலுத்துக்கொள்கிறாள். மிஷினை மாட்டிக்கொண்டு நான் போய் நின்றால் ஏதோ கேட்கிறது, கம்பியில் கல் உரசுகிற மாதிரி. அதுதான் பாட்டு என்கிறார்கள். சரி என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி வண்டிக்கு வருகிறேன். அன்றைக்கு நீ ஓட்டு. மாப்பிள்ளையே ஓட்டுவதா என்று உன் பெரியப்பா வீட்டில் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும், எனக்குத்தான் கேட்காதே. மாலையைக் கழற்றி நிவேதா மடியில் வைத்துவிடு. பட்டுவேட்டியை நன்றாக மடித்துக் கட்டிக்கொள், கிளட்சில் சிக்கும். அவளை முன்சீட்டில் உட்கார வை. சவரிக்காடு தாண்டியதும் அவளுக்குத் தலை சுற்றும், கீழே பிறந்து வளர்ந்த பெண், ஜன்னலைத் திறந்துவிட்டு மெதுவாகப் போ. வெரசாப் போய் யாருக்கும் நிரூபிக்க வேண்டியது ஒன்றும் இல்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடி. பின்னால் நம் ஆட்களும் அடிப்பார்கள்.

நீ நன்றாக ஓட்டுவாய். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை என்று உன் அம்மா சொல்கிறாள். காலேஜ் லீவில் நீ சீசன் சவாரி ஓட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கியரைக் குறை, இடது பக்கம் ஒதுங்கு என்று நச்சரித்துக்கொண்டேதான் வந்தேன். உன் ஓட்டத்தில் குறை இருந்து சொல்லவில்லை. என் கால் சும்மா இருக்காது, அதுதான். இந்த மலையில் அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் நான் கண்ணை மூடினவனே இல்லை. பஸ்ஸில் போனாலும் டிரைவர் மிதிக்கிற இடத்தில் என் காலும் மிதிக்கும். திண்டுக்கல் போய் வந்த அன்றும் அப்படித்தான், இறங்கும்போது கெண்டைக்கால் இறுகிப்போயிருந்தது. எனக்கு ரொம்ப அசதியாக இருக்கிறது தம்பி, எத்தனையோ வருடத்து அசதி. அன்றைக்கு நான் பின்சீட்டில் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். வண்டி அடிவாரம் தாண்டினதும் தூங்கிவிடுவேன் என்று நினைக்கிறேன். வீடு வந்ததும் எழுப்பு.

அப்பா